இருநூற்றைம்பத்தைந்தாவது எழுத்து

வாலிநோக்கத்தில் படகுத்துறை கட்டுகிறோம்.
தகரக் கொட்டகை. ஓர் ஏசி, அதற்கும் மூச்சிரைப்பு.
திட்ட மென்பொருளில் நானூற்றுப் பன்னிரண்டு வேலைகள்
நீலப் பட்டைகளாய், ஒன்றின் வாலை இன்னொன்று கவ்வி.
தூண் இறங்காமல் உத்தரம் ஏறாது,
உத்தரம் ஏறாமல் தளம் விழாது
என்று அம்புகள் சொல்லும்.

சென்னைக்கு அம்புகள் வேண்டாம்.
"எக்செல்லில் போடுங்க ஜுலைகா மேடம்,
எம்.டி. அதைத்தான் திறப்பார்" என்றார் கோகிலவாணன்.

ஏற்றுமதி என்றொரு பொத்தான்.
இந்தக் கரையில் ஏற்றுமதி என்றால்
ஐஸும் நண்டும், பெட்டிமேல் பெட்டி.
அழுத்தினேன்.
அம்புகள் உதிர்ந்தன.
'நூற்றுத் தொண்ணூற்றெட்டு முடிந்து மூன்றாம் நாள்' என்பது
எதையும் பிடித்து இழுக்காமல்
அறுந்த நங்கூரக் கயிறாய் ஒரு கட்டத்தில் கிடந்தது.
'12 நாள்' எண் அல்லவாம், எழுத்தாம்.
கூட்டிப் பார்த்தேன்:
மொத்தத் துறையையும் சுழியம் நாளில் கட்டி முடித்திருந்தோம்.

தேதிகள்தான் மோசம்.
ஜூன் ஏழு, சத்தமில்லாமல், ஜூலை ஆறு ஆனது.
பன்னிரண்டைத் தாண்டியவை மட்டும்
தேதியென்று ஏற்கப்படாமல்
கட்டத்தின் இடது சுவரை ஒட்டி நின்றன.
அவற்றைத் திருத்தினேன், கண்ணுக்குத் தெரிந்ததால்.
ஜூலை ஆறு பார்ப்பதற்கு நல்ல தேதியாக இருந்தது.

மூன்றாம் நாள் மெயில்:
வேலை 214. முங்கு ஆள் நம்புகுமார்.
ஜூலை ஆறில் ஆஸ்பத்திரியில் இருந்தவர்
அன்றே கடலில் எப்படி முங்கினார்?
விளக்கம் வரும்வரை கூலி நிறுத்தம்.

குறிப்புப் பத்தியைத் தேடினேன். நான் அடித்ததுதான், அன்றிரவு:
'...சோழகம் கிளம்பிருச்சு, நீவாடு கிழக்க இழுக்குது,
இன்னிக்கு எறங்க வேணாம்னு அவர் சொன்னார். நாங்கள'

அவ்வளவுதான்.
இருநூற்றைம்பத்தைந்து எழுத்தோடு வெட்டு.
கொம்பையும் காலையும் புள்ளியையும்
தனித்தனித் தலையாய் எண்ணுகிறது எந்திரம்.
இங்கிலீஷில் எழுதியிருந்தால் முழுசாய்ப் போயிருக்கும்.
தமிழில் எழுதியதால்
ளகரத்தின் தலையிலிருந்து புள்ளி விழுந்து
'நாங்கள' என்று வாய் திறந்து நிற்கிறது.

நாங்கள் தடுத்தோம் என்றும் முடிக்கலாம் அதை.
நாங்கள் திரும்பிவிட்டோம் என்றும்.

கதவருகே நம்புகுமார்.
டீ கிளாஸை இடக்கையில் பிடிக்கப் பழகிவிட்டார்.
வலக்கையில் இரண்டு விரல் இல்லை;
இரும்புக் குழாய்க்கும் சங்கிலிக்கும் நடுவே விட்டது.
"எக்செல்ல எம் பேரு வந்துருச்சாம்மா?"
"வந்துருச்சுண்ணே. தேதிதான் தப்பா வந்துருச்சு."
"தேதியா," என்றார். "தேதி எப்பிடித் தப்பா வரும்?
நான் அன்னிக்கித்தான எறங்குனேன்."

சென்னை திருத்திய தாளை உள்ளே இறக்கச் சொல்கிறார்கள்.
மென்பொருள் மூன்று வழி கேட்கிறது:
புதிதாகத் திற, கடைசியில் சேர், இருப்பதோடு கல.
கலந்தால், என்னிடம் முழுதாக உள்ள குறிப்பின்மேல்
வெட்டுப்பட்ட குறிப்பு ஏறி உட்காரும்.
பிறகு எங்குமே இருக்காது அந்த வாக்கியத்தின் மிச்சம்.
யாருக்கும் தெரியாது. ஏசிக்குக்கூட.

பத்திகளின் பட்டியலில்
'குறிப்பு'க்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தேன்.
பிறகு தாளுக்குப் போனேன். 214ஆம் வேலை, அறுபத்தேழாம் வரிசை.
ஜூலையை ஜூனாக்கினேன்.
முதலில் புள்ளியை வைத்தேன்.
'நாங்கள் கேட்கவில்லை. இந்தப் பட்டை சிவப்பாகிவிடும்,
இன்றே இறங்க வேண்டும் என்று சொன்னது நான்.'
கட்டம் போதாமல் அடுத்த கட்டத்தின்மேல் வழிந்தது எழுத்து.
அது கூலிப் பத்தி. காலியாக இருந்தது.

அனுப்பிவிட்டு வெளியே வந்தேன்.
இன்றும் சோழகம். தென்கடல் வெள்ளை வெள்ளையாய்ப் புரள்கிறது.
படகு ஒன்றும் அவிழ்க்கவில்லை,
கிரேன் கொக்கி தானாக ஆடுகிறது.

மென்பொருளில் இன்று வேலை நாள்.